இரண்டாவது டம்ளர்

(குழு: ஏற்காட்டு வீடு)

பெரியம்மா: வேலைக்கு வரும் பெண் போன் செய்தாள். அம்மா இன்றைக்கும் இரண்டு டம்ளர் காபி போட்டு, ஒன்றை அப்பாவின் நாற்காலி பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு இருந்ததாம். மிளகு பறிக்க ஆள் வரவில்லை என்று சொன்னதாம். அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது.

மாமா: அக்கா, நான் அன்றைக்கே சொன்னேன். இல்லாதவரோடு நூற்றில் ஒருவர்கூடப் பேசமாட்டார். மனநிலை சரியில்லை. சேலத்துக்குக் கூட்டி வந்துவிடலாம்.

பாப்பா: மாமா, கொஞ்சம் பொறுங்கள். அரிதாக இருப்பதெல்லாம் நோய் இல்லை. ஐக்யூ 70-க்குக் கீழே நூற்றுக்குச் சுமார் 2 பேர்தான். 130-க்கு மேலேயும் அதே 2 பேர்தான். 130-க்கு மேலே இருப்பவர்களை அதற்காக யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை.

பாப்பா: அதோடு அம்மாயி செய்வது அரிதும் இல்லை. வேல்ஸில் ரீஸ் என்ற டாக்டர் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு 1971-இல் எழுதினார். பத்தில் சுமார் நான்கு பேருக்கு இறந்தவர் கூடவே இருப்பது போல இருந்தது. சிலர் குரல் கேட்டார்கள், சிலர் பேசவும் செய்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை.

மாமா: சரி கண்ணு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அண்ணன்: மாமா, ஆடியில் கோட்டை மாரியம்மன் கோவிலில் அருள் வந்து ஆடுகிறவர்களைக் கும்பிடுகிறோம். அதையே புது பஸ் ஸ்டாண்டில் ஆடினால் போலீசைக் கூப்பிடுவோம்.

பாப்பா: ஊர் வழக்கத்தை வைத்து அளப்பதுதான் எனக்குப் பயம். 1851-இல் அமெரிக்காவில் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு நோய் என்று எழுதினார். படிக்கும்போது வயிறு எரிந்தது. ஒரே பாலினக் காதல் 1973 வரை அங்கே மனநோய்ப் பட்டியலில் இருந்தது. ஊரின் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என நம் நாட்டு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

பெரியம்மா: அப்படியானால் அம்மாவுக்கு வேதனை இல்லை, சாப்பிடுகிறது, தோட்டக் கணக்கும் பார்க்கிறது. விட்டுவிடலாமா?

பாப்பா: நான் முதலில் பார்ப்பது அதைத்தான் பெரியம்மா. ஆனால் அது மட்டும் போதாது. மேனியா என்ற மிதமிஞ்சிய உற்சாக மனநோய் வந்தவர் நாள்கணக்கில் தூங்காமல் கடன் வாங்கிச் செலவழிப்பார், இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை என்பார். வேதனை வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான். அப்புச்சி போனபோது நீங்கள் ஒரு மாதம் அடுப்படிப் பக்கமே போகவில்லை. அவ்வளவு வேதனை, ஆனால் அது நோய் இல்லை, துக்கம்.

பெரியம்மா: ஆமாம் கண்ணு.

பாப்பா: அப்புச்சி இறந்தது அம்மாயிக்கு நினைவில் இருக்கிறதா? இரவில் தூங்குகிறதா? வழி, பணம், மாத்திரை மறக்கிறதா? இதில் ஏதாவது தடுமாறினால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

மாமா: இப்போது போன் போட்டேன். அப்பா எங்கே என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதாடா? எரித்துவிட்டு வந்தவன் நீதானே. ஐம்பது வருஷப் பேச்சு, வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது" என்றது.

மாமா: கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை.

பெரியம்மா: தூக்கம்?

மாமா: மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறதாம். அதை மட்டும் டாக்டரிடம் கேட்போம். ஞாயிறு மேலே போகிறேன், யார் வருகிறீர்கள்?

பாப்பா: நான் வருகிறேன் மாமா. ஏழு மணிக்கு அஸ்தம்பட்டியில் நிற்கிறேன்.