கூகுள் அலர்ட்ல கீழடி நியூஸ் மட்டும் வர என்ன பண்ணணும்?

வைகைக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ரிட்டயர் ஆன ஹிஸ்டரி டீச்சர், மானாமதுரை பக்கம். கீழடில 2015ல அகழாய்வுக்குத் தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து பேப்பர்ல வர்ற துண்டு நியூஸைக்கூட விடாம கத்தரிச்சு நோட்ல ஒட்டிட்டு வர்றேன், ஒன்பது நோட்டு ஆயிடுச்சு. ஆனா அங்க முதல்ல அகழாய்வு நடத்தின அமர்நாத் ராமகிருஷ்ணா அதைப் பத்தி கொடுத்த 982 பக்க அறிக்கையை 2025 மே மாசம் மத்திய தொல்லியல் துறை திருத்தச் சொல்லி திருப்பி அனுப்பினது எனக்கு பத்து நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, மனசு கேக்கவே இல்ல. அதான் பேரனை விட்டு கூகுள் அலர்ட் போட்டேன், நாம கொடுக்கற வார்த்தை நெட்ல புதுசா வந்தா மெயில் அனுப்புமே, அது. கீழடின்னு ஒண்ணு, பக்கத்துலயே அகழாய்வு நடந்த அகரம்னு ஒண்ணு. இப்ப மெயில் கொட்டுது, ஆனா பாதி "கீழடி அருகே வீட்டு மனை", அகரம்னா நடிகர் சூர்யாவோட அறக்கட்டளை நியூஸ்தான். வேணுங்கறது மட்டும் வர வழி இருக்கா?

திருப்புவனம் செந்தில்:
டீச்சர், தேடுற வார்த்தைலயே வடிகட்டலாம். கீழடின்னு போட்டு ஒரு இடம் விட்டு -மனை -பிளாட்னு அடிங்க, மைனஸுக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடம் விடக்கூடாது. அகரத்தை தனியா விடவே விடாதீங்க, அந்தப் பேர்ல எத்தனை ஊர் இருக்கு! "அகரம்" அகழாய்வு -அறக்கட்டளைன்னு போடுங்க. கீழயே சாம்பிள் ரிசல்ட் காட்டும், அதைப் பாத்து மாத்தி மாத்தி சரி பண்ணிட்டு அப்புறம் அலர்ட்டை உருவாக்குங்க. ஷோ ஆப்ஷன்ஸ்ல எப்பப்ப வரணும்கிறதை ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு வச்சா எல்லாம் ஒரே மெயில்ல வந்துடும்.

பானை ஓடு:
செந்தில் சொன்னதோட மொழியையும் பாருங்கம்மா, நான் ஒரு வருஷம் இதுல ஏமாந்திருக்கேன். மொழி தமிழ்னு இருந்தா இங்கிலீஷ் நியூஸ் வராது, இங்கிலீஷ்னு இருந்தா தமிழ் வராது, அதனால ரெண்டு அலர்ட் வேணும். இங்கிலீஷ்ல கீழடியை 'எல்' போட்டு எழுதறவங்களும் இருக்காங்க, 'இசட் எச்' போட்டு எழுதறவங்களும் இருக்காங்க, ரெண்டையும் அடிச்சு நடுவுல OR-ங்கற இங்கிலீஷ் வார்த்தையை பெரிய எழுத்துல போடுங்க. இன்னொண்ணு, இ-பேப்பர்ல படமா கிடக்கற பக்கம், வாட்ஸ்அப்ல சுத்தறது இதெல்லாம் அலர்ட்ல சிக்காது, அதனால கத்தரிக்கோலை எடுத்து வச்சிடாதீங்க.

கரிம மாதிரி:
ஆராய்ச்சிக் கட்டுரை வேணும்னா கூகுள் ஸ்காலர்ல தனியா அலர்ட் இருக்கு டீச்சர். அங்க தேடிட்டு இடது பக்கம் இருக்கற மெயில் கவர் படத்தை அமுக்கினா போதும். கீழடியோட தூத்துக்குடி மாவட்டத்துல அகழாய்வு நடந்த சிவகளையையும் சேர்த்துக்கோங்க, 2025 ஜனவரில இரும்போட காலம் கிமு 3345 வரைக்கும் போகுதுன்னு தமிழக அரசு வெளியிட்ட அறிக்கைல முக்கியமான இடமே அதுதான். என்னைக் கேட்டா நியூஸை விட ஸ்காலர்தான் பொக்கிஷம், மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் வரும் ஆனா ஒவ்வொண்ணையும் உக்காந்து படிக்கலாம்.

வைகைக்கரை டீச்சர்:
ரொம்ப நன்றி பிள்ளைகளா. நேத்து ராத்திரி பேரனோட உக்காந்து எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டேன். இன்னிக்கு காலைல ஒரே ஒரு மெயில், அதுல மூணு நியூஸ், மூணுமே அகழாய்வு பத்தினதுதான். கீழடி பக்கத்து ஊர் கொந்தகைல கிடைச்ச முதுமக்கள் தாழி பத்தி ஒண்ணு இருந்துச்சு, பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டேன். கொந்தகைக்கு தனியா அலர்ட் போடணுமா?

திருப்புவனம் செந்தில்:
போடுங்க டீச்சர், ஆனா அதுலயும் அகழாய்வுன்னு சேர்த்துடுங்க. இல்லைன்னா ஊர்க் கோயில் திருவிழா, கரண்ட் கட் அறிவிப்பு எல்லாம் வரும்.