ட்ரூ மேகி மேலே வர ஏன் 13 சீசன் ஆச்சு?

பந்துபொறுக்கி:
மேகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி 2010 டிராஃப்ட்டில் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்த இன்ஃபீல்டர், அதாவது பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்பவர். உச்ச நிலையான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் 2023 ஏப்ரல் 26. அதற்குள் கீழ் நிலையான மைனர் லீக்கில் 1,155 ஆட்டம் முடிந்துவிட்டது. நடுவில் 2021 செப்டம்பரில் ட்வின்ஸ் அணி மேலே கூப்பிட்டும் ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. இப்படி ஒருவரை விட்டுவிடாமலும் ஏற்றிவிடாமலும் ஏன் வைத்திருக்கிறார்கள்? சம்பளம் எவ்வளவு?

மூன்றாம்_பேஸ்:
ஆட்டத்தை விட இடக்கணக்குதான் காரணம். மேஜரில் ஆடும் 26 பேர் அணியில் வர, முதலில் கிளப்பின் 40 பேர் பட்டியலில் இருக்கணும். மேகி மாதிரி ஆட்கள் அதற்கு வெளியே, மைனர் லீக் ஒப்பந்தத்தில் இருப்பார்கள். பட்டியல் நிரம்பியிருந்தால் ஒருவரைக் கழற்றியாக வேண்டும். 7 நாளுக்குள் அவரை டிரேட் செய்யணும், அல்லது வேவரில் போடணும், அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விடணும். மற்ற அணி யாராவது தூக்கிப் போய்விடலாம். நாலு நாள் இடைவெளியை நிரப்ப 22 வயதுப் பிட்சரை (பந்தெறிபவர்) யார் இழப்பார்கள்?

பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் இளைஞருக்கு மூன்று 'ஆப்ஷன்' வருஷம் உண்டு. அவரை ஒரு சீசனில் ஐந்து முறை வரை கீழே அனுப்பலாம், வேவர் பயமில்லை. அதனால் கிளப் முதலில் அவரைத்தான் கூப்பிடும். யாராவது 60 நாள் காயப் பட்டியலுக்குப் போனால் அந்த இடம் 40-ல் சேராது. வெளியில் இருப்பவருக்கு வழி திறப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

கையுறை:
பெஞ்சையும் பாருங்கள். 26-ல் பிட்சர்கள் அதிகபட்சம் 13. மீதி 13-ல் டிஎச் (பந்தடிக்க மட்டும் இறங்குபவர்) சேர்த்து 9 பேர் ஆடினால் பெஞ்சில் நாலு பேர். ஒருவர் மாற்று கேட்சர், இன்னொருவர் அவுட்ஃபீல்டர். மிச்ச இடத்துக்கு வருபவர் செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஷார்ட்ஸ்டாப் மூன்றும் நிற்கணும். ஷார்ட்ஸ்டாப் நிற்க முடியாதவர் கணக்கில் பின்னுக்குப் போவார். வயது ஏறி எறிகை தளர்ந்தால் செகண்ட் பேஸ். ஃபர்ஸ்ட் பேஸுக்கு நகர்ந்தால் அடி பலமாக இருக்கணும். அதுவும் உத்தரவாதமில்லை: மைக் ஹெஸ்மன் அமெரிக்க மைனர் லீக்கில் 433 ஹோம் ரன் அடித்தவர், மேஜரில் 14தான்.

கணக்குப்பிள்ளை:
சம்பளம்: 2023 ஒப்பந்தப்படி குறைந்தபட்சம் ஆண்டுக்கு மைனரின் மேல் படியான ட்ரிபிள்-ஏ 35,800 டாலர், அதற்குக் கீழ்ப் படியான டபுள்-ஏ 30,250. அதே வருஷம் மேஜர் குறைந்தபட்சம் 7,20,000, அதாவது ஒரு நாளைக்கு சுமார் 3,870. களத்தில் இறங்காவிட்டாலும் அணியில் இருந்த நாள் சர்வீஸில் (மேஜர் பணிக்காலம்) சேரும். 43 நாள் சேர்ந்தால் பென்ஷன் தகுதி. ஆகவே ட்வின்ஸில் உட்கார்ந்திருந்த நாட்கள் வீண் இல்லை.

ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியிலும் சேரலாம் என்ற நிலை) ஆனபின் கையெழுத்துப் போடும்போது இரண்டு விஷயம் கேட்கணும். ஒன்று, மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம் என்று பிரித்த ஒப்பந்தம். கீழ்த் தொகை குறைந்தபட்சத்தை விடக் கூட இருக்கணும். இரண்டு, விலகும் தேதி. அது இல்லாவிட்டால் வேறு அணியில் காலியிடம் வந்தாலும் போக முடியாது. அதோடு அந்த அணியின் 40-ல் ஆப்ஷன் மிச்சமுள்ள ஷார்ட்ஸ்டாப் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கணும். இரண்டு பேர் இருந்தால் வேறு அணி பார்ப்பது நல்லது.

பந்துபொறுக்கி:
2023-ல் மேகி டபுள்-ஏ அல்டூனாவில் இருந்தாரே, அங்கிருந்தே நேராகவா?

மூன்றாம்_பேஸ்:
ஆமாம். பைரேட்ஸ் ஆட்டக்காரர் பிரையன் ரெனால்ட்ஸ் துக்க விடுப்புப் பட்டியலுக்குப் போனார். அது 3 முதல் 7 நாள். 26-ல் இடம் தரும், 40-ல் தராது. முதல் ஆட்டத்தில் ஸ்ட்ரைக் அவுட், சில நாளில் முதல் ஹிட். இனி இந்த வகை ஆட்களுக்கு இன்னும் நெருக்கடி: 2024 முதல் ஒரு கிளப் அமெரிக்காவில் வைத்துக்கொள்ளும் மைனர் ஆட்டக்காரர் எண்ணிக்கை 180-லிருந்து 165 ஆகிவிட்டது.