பேரியம் வளையத்துக்குள்ள போச்சா, ஆக்சைடு ஆச்சா? எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் வச்சு மேற்பரப்புல எந்த அணு எந்த நிலையில இருக்குன்னு பாக்குற முறை) தெரிஞ்சவங்க உதவி வேணும்

ரெண்டு மாசமா ஒரே இடத்துல நிக்கிறேன். இருக்கிறது ஸ்பெயின், சான் செபாஸ்டியன். செனான்-136 இரட்டை பீட்டா சிதைவுல (ஒரே நேரத்துல ரெண்டு எலக்ட்ரான வெளிய விட்டு) பேரியம் அயனியா மாறும், அந்த ஒத்த அயனியப் பிடிச்சு ஒளிர்ற கிரவுன் ஈதர் (ஆக்சிஜன் அணுக்கள் உள்ள வளைய வடிவ) மூலக்கூறுதான் நம்ம சென்சார். நியூட்ரினோ தனக்குத்தானே எதிர்த்துகளான்னு தெரிய இது ஒரு வழி, அதான் விட மனசு வரல.

தங்கம் (111) பரப்பு மேல ஒரே அடுக்கு மூலக்கூறு, எக்ஸ்பிஎஸ்ல அதோட ஆக்சிஜன் 1எஸ் பீக் (ஆக்சிஜனோட உள் எலக்ட்ரான் சிக்னல்) 533 எலக்ட்ரான் வோல்ட்ல கூரா வருது. டிஸ்பென்சர்ல (சூடாக்குனா பேரியம் ஆவி விடுற கருவி) இருந்து பேரியம் விட்டதும் 530க்குக் கீழ புதுசா ஒரு மேடு. ஈதர் பீக் நகரல, அகலம் மட்டும் கூடுது.

டிஸ்பென்சர ராத்திரி பூரா டீகேஸ் பண்ணேன் (சூடாக்கி ஒட்டியிருந்த வாயுவ வெளியேத்தினேன்), சேம்பர் அழுத்தம் 2×10⁻¹⁰ மில்லிபார்தான், வெறும் தங்கத்துல பேரியம் மட்டும் விட்டாலும் அந்த மேடு வருது ஆனா சின்னதா, ஒரு மணி நேரம் சும்மா விட்டா வளருது, அதனால சேம்பர்ல மிச்சமிருக்கிற தண்ணி ஆவி மேல சந்தேகம். எஸ்டிஎம்ல (நுண் ஊசி வச்சு பரப்ப அணு அளவுல படம் எடுக்கிற நுண்ணோக்கி) மூலக்கூறு ஓரத்துல பளிச்சுனு புள்ளிங்க, நடு வளையம் பழைய மாதிரியே இருக்கு. ஒளிர்வ வச்சும் பாக்க முடியாது, தங்கம் அணைச்சுடும்.

பேரியம் வளையத்துக்குள்ள இருக்கா, வெளிய ஆக்சைடா கிடக்கான்னு பிரிச்சுப் பாக்க நீங்க எந்த அளவீட்ட நம்புவீங்க?