அண்ணி என்று கேட்டவன் கேட்டது தண்ணி

(மலேசியா, சுங்கை சிப்புட், நான்கு வயதுப் பையனின் அம்மா)

என் மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம் ஆனபோது அவனிடம் மொத்தமே ஏழு சொல்தான் இருந்தது. அதில் ஒன்று "அண்ணி". என் கணவர் தன் அண்ணியைக் கூப்பிடுவதைக் கேட்டு இவனும் பெரியம்மாவை அப்படிக் கூப்பிடுகிறான் என்று வீடே சிரித்தது. அவர் ஓடி வந்து தூக்குவார், இவன் அழுவான், திரும்பவும் "அண்ணி, அண்ணி" என்பான். தண்ணீர் கேட்டிருக்கிறான் பாவம். முதல் எழுத்து அவனிடம் இல்லை என்று புரிய எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

அதற்குள் ஊரே வைத்தியம் சொல்லிவிட்டது. மாமியார் வீட்டில் தமிழ், நான் வேலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளும் மாக்சிக் (மலாய்க்கார அம்மா) பேசுவது மலாய், டிவியில் இங்கிலீஷ். "மூணு பாஷையில பிள்ளை குழம்பிப்போச்சு" என்றார்கள். ஒரு தாடிகா, அதாவது பாலர் பள்ளி, நடத்துகிறவர், பெயர் வேண்டாம், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று அடித்துச் சொன்னார். நாங்களும் நிறுத்தினோம். நான்கு மாதம். என் மாமியார் முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், அவருக்குத் தெரிந்தது தமிழும் கடைத்தெரு மலாயும்தான். பேரனோடு பேசக்கூடாது என்று மகனே சொன்ன பிறகு அவர் ஒன்றும் சொல்லாமல் சமையலறையிலேயே உட்கார ஆரம்பித்தார். சோறு ஊட்டும்போது கதை இல்லை, நிலா இல்லை, வெறும் "கம், கம்". இன்றைக்கும் எனக்கு அதுதான் உறுத்துகிறது. பிள்ளைக்கும் ஒரு சொல்கூடக் கூடவில்லை.

ஊசி போடக் கிளினிக்குக்குப் போனபோது ஒரு வயதான மிஸி (நர்ஸ்), பிள்ளைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: அடிக்கடி சளி பிடிக்குமா, வாயைத் திறந்துகொண்டு தூங்குவானா, டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பானா? மூன்றுக்கும் ஆமாம். பிறந்தபோது காது சோதனை சரியாகத்தான் இருந்தது என்றேன். அது அன்றைக்கு, இது இன்றைக்கு என்றார். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே காதில் சின்னக் குழாய் மாதிரி ஒன்றை வைத்து அழுத்தம் பார்த்தார்கள், அரை நிமிஷம், வலியே இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது, இரண்டு பக்கமும். பிள்ளை செவிடு இல்லை, குளத்துக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். உயிரெழுத்து போய்ச் சேர்ந்திருக்கிறது, மெல்லிய மெய்யெல்லாம் கரைந்துபோயிருக்கிறது. பல பிள்ளைகளுக்கு இது மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடுமாம், அதனால் காத்திருக்கச் சொன்னார்கள். இவனுக்கு வற்றவில்லை. அப்புறம் செவிப்பறையில் சின்னக் குழாய் பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்து சில நாளில் மழை, எங்கள் பின்கட்டு தகரக் கூரை, இவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். மாமியார் அழுதுவிட்டார்.

உங்கள் பிள்ளைகளுக்கும் யாராவது பாஷையைக் குறை சொன்னார்களா?

(பழைய தோட்டத்து ஆயா, பேத்தி எழுதித் தருகிறாள்)

நான் எழுபதுகளில் ஆயாக் கொட்டகையில் இருந்தேன். விடியக்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள், ஏணையில் ஏழெட்டு, தரையில் பத்துப் பன்னிரண்டு. கைப்பிள்ளையை நாலு வயசுப் பிள்ளை ஆட்டும், ஆட்டிக்கொண்டே பேசும். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் தெலுங்குக் குடும்பம் ஆறு இருந்தது, ஒரு மலையாள வீடும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் அம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், வேலை வாங்கும் மண்டோரிடம் மலாய். எது யாருக்கு என்று மூணு வயசிலேயே தெரியும். ஒருத்தனும் குழம்பவில்லை. பேசாத பிள்ளை ஒன்றிரண்டு இருந்தது உண்மை. அதை ஊமை என்று சொல்லி விட்டுவிட்டோம். காதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. இந்த அம்மா எழுதியதைப் பேத்தி வாசித்ததும் ஒரு முகம் ஞாபகம் வந்தது, சொல்லாமலே விடுகிறேன்.

(பாலர் பள்ளி ஆசிரியை, பேராக்)

கலந்து பேசுவதைக் கண்டு பயப்படும் அப்பா அம்மா எனக்கு ஒவ்வொரு பள்ளியாண்டுத் தொடக்கத்திலும் கிடைப்பார்கள். "டீச்சர், அவன் என்னை பூக்கூல் பண்ணிட்டான்", "நான் ஜாத்தோ ஆயிட்டேன்". பூக்கூல் என்றால் மலாயில் அடி, ஜாத்தோ என்றால் விழு. சிரிக்காமல் கேட்டுப் பாருங்கள். மலாய் வினையில் காலம், இடம் காட்டும் விகுதி கிடையாது, ஆனால் இந்தப் பிள்ளை அந்த மலாய் வினையைத் தூக்கித் தமிழ் வாக்கியத்தில் உட்கார வைத்து -ட்டான், -ட்டேன் என்று சரியாக முடிக்கிறது. இலக்கணம் தெரியாதவன் செய்கிற காரியமா இது? வேண்டிய சொல் கையில் இல்லை, பக்கத்து மொழியில் கடன் வாங்குகிறான், அவ்வளவுதான். சொல் எண்ணும்போதும் எல்லா மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ண வேண்டும். பாலுக்கு மலாயில் சொல்லும் சுசூவும் தெரிந்து, பாலும் தெரிந்தால் இரண்டு சொல்.

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இல்லாத பிராணிக்கு இல்லாத பெயர் வைத்துப் படம் காட்டி, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று பிள்ளைகளைக் கேட்டார். கேட்டே இராத சொல்லுக்கும் பன்மை வந்தது. நானும் என் வகுப்பில் ஒரு கிறுக்கல் பிராணியை வரைந்து "டிப்பு" என்றேன். ஐந்து வயதுக்காரர்கள் கூச்சலாக "டிப்புங்க!" என்றார்கள். அதில் ஒருத்தி வீட்டில் பேசுவது பாதி மலாய்.

இன்னொன்று. த, ட இரண்டையும் பிரித்துக் கேட்கிற திறமை எல்லாக் குழந்தைக்கும் பிறவியிலேயே உண்டு. இங்கிலீஷ் மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு ஒரு வயதுக்குள் அது மங்கிவிடுகிறது, இந்திச் சத்தங்களை வைத்து ஜேனட் வெர்க்கர் 1984இல் காட்டியது இது. நம் பாட்டிமார் பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தால் அது நிற்கிறது. ஆனால் டிவியில் விழுந்தால் போதாது. 2003இல் பட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் கேட்க வைத்தார்கள், பன்னிரண்டு முறை. எதிரில் ஆள் உட்கார்ந்து பேசியவர்களுக்குச் சத்தம் பிடிபட்டது, அதையே திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. அந்தத் தாடிகாக்காரர் நிறுத்தச் சொன்னது இருந்த ஒரே நல்ல பேச்சுத் துணையை.

பழத்தைப் பயம் என்றால் விடுங்கள். ழ கடைசியில்தான் வரும், பெரியவர்கள் பலருக்கே வரவில்லை.

(ஓர் அப்பா, இரவு வேலைக்காரன்)

எல்லாம் சரி, ஆனால் எல்லோரும் காது காது என்று நின்றுவிட வேண்டாம். என் மகளுக்குக் காது சுத்தம். 18 மாதத்தில் கிளினிக்கில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள், விரலால் சுட்டிக் காட்டுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று. நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டேன், வெட்கம்தான் காரணம். மூன்று வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. அவள் இங்கிலீஷில் ஒன்று முதல் இருபது வரை சொல்வாள், நிலாவைப் பார் என்று ஒருநாளும் கை நீட்டியதில்லை. இப்போது ஆறு வயது, பேச்சுப் பயிற்சிக்கு மாதம் இரண்டு தடவை மோட்டாரிலேயே கூட்டிப்போகிறேன். போன வாரம் "அப்பா, லோரி பாரு" என்றாள். கை நீட்டிக்கொண்டு. அந்தத் தாளில் பொய் எழுதாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

(முதல் அம்மா மறுபடி)

அண்ணா, உங்கள் பதிவைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். நாங்களும் அந்தத் தாளில் இரண்டு இடத்தில் யோசிக்காமல் ஆமாம் போட்டவர்கள்தான்.

டீச்சர் கேட்க மறந்ததை நானே சொல்கிறேன்: மாமியார் இப்போது நிறுத்துவதே இல்லை. பெரட்டுக் களம், பாம்பு, தோட்டத்துக் கணக்கர் கிராணி ஐயா சைக்கிள், எல்லாக் கதையும் அவனுக்குத் தெரியும். குழாய் தானாக விழுந்துவிட்டது, காதும் நன்றாக இருக்கிறது. ர மட்டும் இன்னும் ல தான். நேற்று சாப்பிடும்போது விக்கல் எடுத்தது, பெரியம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். "பெலியம்மா, தண்ணி" என்றான். அவர் எழுந்திருக்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு கண்ணு என்று கேட்டுக்கொண்டே இருந்தார், இவன் விக்கிக்கொண்டே கோபமாக நாலு தடவை சொன்னான்.