மகளுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில இடம் கிடைச்சிருக்கு, அனுப்பலாமா?

பாம்பன் நாட்டுப்படகு:
மூத்த மகள் எம்.எஸ்சி. முடிச்சு, நெட் பரீட்சையில ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா. ஹைதராபாத்துல புற்றுநோய் மூலக்கூறு உயிரியல்ல பி.எச்டி., அஞ்சு வருசமாம். மாசம் 37,000 தருவாங்களாம். வைத்தியம் பாக்குற டாக்டரான்னு கேட்டா இல்லைங்கிறா. அப்ப என்னதான் வேலை? கட்டியில இருந்து எடுத்த செல்லை வளர்க்கணும்னு சொன்னா, அன்னையில இருந்து அவ அம்மா தூங்கல. ஒட்டிக்குமா? இந்தத் தொழில்ல இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.

வேதாளைக்காரி:
அண்ணே, எங்க அம்மா தீவுக்குப் பாசி எடுக்கப் போனவங்க. நான் 2011ல இதே மாதிரி சேர்ந்தேன், அப்ப 16,000.

முதல்ல அண்ணிகிட்ட சொல்லுங்க, ஒட்டாது. அடுத்தவங்க செல் உள்ள போனா நம்ம உடம்பு அதை அன்னியன்னு அடிச்சுப் போட்டுரும். பயப்பட வேண்டியது ரசாயனத்துக்குத்தான். செல்லுக்குள்ள இருக்கிற மரபுப்பொருளான டி.என்.ஏ.வைப் பாக்க எத்திடியம் புரோமைடுன்னு ஒரு சாயம், அது டி.என்.ஏ.வுக்குள்ளயே போய்ச் சொருகிக்கும். கையுறை போடுறாளான்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருங்க.

வேலை என்னன்னா, பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனா கடலுக்குப் போற டோக்கன் கிடையாது, படகு போகாதுல்ல? செல்லுக்குள்ளயும் கூண்டு ஏத்துற புரதம் ஒண்ணு இருக்கு, பி53ன்னு பேரு. 1979ல கண்டுபிடிச்சாங்க. டி.என்.ஏ. அடிபட்டா, செல் ரெண்டாப் பிரியாம இது நிறுத்தி வைக்கும். பழுது தீராதுன்னா செல்லையே சாக வச்சிரும். மனுசனுக்கு வர்ற புற்றுநோய்ல ஏறக்குறைய பாதியில இந்தக் கூண்டுக்காரனுக்கே பழுது, அதுவும் பெரும்பாலும் அதுக்கான டி.என்.ஏ.வுல ஒரே எழுத்து மாறினதால. கூண்டு ஏறாது, கடல் எப்படி அடிச்சாலும் படகு போய்க்கிட்டே இருக்கும். அந்தப் புரதம் 393 அமினோ அமிலத்தை மணி மாதிரி வரிசையாக் கோத்தது. நான் ஆறு வருசம் உக்காந்தது அதுல 175ஆவது மாறினா என்ன ஆகும்ங்கிறதுக்கு மட்டும்தான். ஊருக்கு வந்தா "மருந்து கண்டுபிடிச்சிட்டியா"ம்பாங்க. முன்னெல்லாம் விளக்குவேன். இப்ப "இன்னும் இல்ல மாமி"ன்னு டீயைக் குடிச்சிட்டு வந்துர்றேன்.

மூணாவது வருசம் எட்டு மாச வேலை மொத்தமாப் போச்சு. மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. மத்த பாக்டீரியா விழுந்தா செல் வளர்க்கிற ஊட்டநீர் கலங்கிக் காட்டிக் குடுத்துரும். இது கலக்காது, சாதா நுண்ணோக்கியில தெரியாது, செல்சுவர் இல்லாததால பெனிசிலினும் பலிக்காது. செல் பாக்க நல்லாத்தான் இருக்கும், குணம் மட்டும் மாறியிருக்கும். பக்கத்து மேசைக்கு வந்த செல்லை யாரோ சோதிக்காம என் இன்குபேட்டர்ல வச்சிட்டாங்க. எல்லாத்தையும் கொன்னு கொட்டிட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல கிடந்த பழைய குப்பியில இருந்து மறுபடி ஆரம்பிச்சேன். அம்மாவுக்குப் போன் போட்டு அழுதா, "குடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேப்பாங்களாம்மா"ன்னு கேட்டுச்சு.

அஞ்சு வருசம்னு நம்பாதீங்க, ஆறுன்னு வச்சுக்குங்க. அதுக்கப்புறம் போஸ்ட்டாக்னு தற்காலிக ஆராய்ச்சி வேலை, வேற ஊரு, வேற நாடு. நிரந்தர வேலை எனக்கு 35 தாண்டித்தான் வந்துச்சு. மாப்பிள்ளை பாக்குற யோசனை இருந்தா இப்பவே அவகிட்ட பேசிருங்க. அங்க போன பிறகு போன்ல பேசினா சண்டைதான் வரும்.

தொண்டி கடலியல்:
ரெண்டு வருசம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப்.ங்கிற அடுத்த படிக்கு ஏறினா 42,000. என் கூட்டாளிக்கு மாசாமாசம் வரல, நாலஞ்சு மாசம் சேந்துதான் வந்துச்சு. கையில கொஞ்சம் காசு குடுத்து விடுங்கண்ணே. அப்புறம், நம்ம கடலுக்கும் இதுல பங்கு இருக்கு. ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்குற சைட்டராபின், கரீபியன் கடல் பஞ்சுல கண்ட பொருளைப் பாத்துச் செஞ்சது, 1969ல அமெரிக்காவுல அனுமதி ஆச்சு. நம்ம மன்னார் வளைகுடா 21 தீவைச் சுத்தியும் கடல் பஞ்சு கிடக்கு.

வேதாளைக்காரி:
கிடக்குன்னு அள்ளிராதீங்க தம்பி, தேசியப் பூங்கா. வனத்துறைகிட்ட எங்க அம்மா வாங்கின பேச்சு எனக்குத் தெரியும்.

பாம்பன் நாட்டுப்படகு:
ரொம்ப நன்றி தங்கச்சி. கூண்டுக் கதையை அவ அம்மாகிட்ட சொன்னேன், புரிஞ்சுக்கிருச்சு. மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தேன், ஆறு வருசம் கழிச்சு எடுங்கன்னுட்டா. சரின்னுட்டேன். விடுதிக்கு நெத்திலிக் கருவாடு கட்டி விடலாமா?

வேதாளைக்காரி:
வறுத்து, மூடி இறுக்கமான டப்பாவுல போட்டுக் குடுங்க. லேப் ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்க வேண்டாம்னு சொல்லிருங்க, நான் வச்சுப் பட்டிருக்கேன்.