ஷெலானு சேனலை இஸ்ரேல் நிறுத்தியது சரியா?

கடலோடி:
2020 ஏப்ரல் இறுதியில் இஸ்ரேலின் ஹாட் என்ற கேபிள் டிவி நிறுவனத்தில் ஷெலானு என்ற எபிரேய மொழிக் கிறிஸ்தவச் சேனல் தொடங்கியது. நடத்தியது காட் டிவி என்ற பன்னாட்டுக் கிறிஸ்தவ ஒளிபரப்பு நிறுவனம். ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு. ஆனால் இரண்டே மாதத்தில், சேனல்களுக்கு அனுமதி தரும் கேபிள் மற்றும் செயற்கைக்கோள் ஒளிபரப்பு மன்றத்தின் அப்போதைய தலைவர் ஆஷர் பிட்டன் அதை ஏழு நாளில் நிறுத்த உத்தரவிட்டார். கிறிஸ்தவர்களுக்கான சேனல் என்று விண்ணப்பித்துவிட்டு யூதர்களை நோக்கிப் பேசுகிறார்களாம். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. பிடிக்காதவர்கள் வேறு சேனலுக்குப் போகலாமே!

மருதநிலா:
அண்ணா, நீங்கள் பாதியைத்தான் சொல்கிறீர்கள். காட் டிவியின் தலைவர் வார்ட் சிம்ப்சன் ஒரு வீடியோ வெளியிட்டார். யூதர்களின் வீடுகளுக்குள் நற்செய்தியைக் கொண்டுபோகக் கடவுளே வழி திறந்துவிட்டார் என்று அதில் பேசினார். எதிர்ப்பு வந்ததும் வீடியோவை நீக்கிவிட்டார்கள். மன்றத்திடம் ஒன்று, நன்கொடையாளர்களிடம் இன்னொன்று. இதை எப்படி நேர்மை என்பது?

யூதர்களுக்கு இது வெறும் ரிமோட் விஷயம் இல்லை. ஃபினாலி சகோதரர்களைப் பற்றிப் படித்துப் பாருங்கள். அவர்களின் யூதப் பெற்றோர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். பிரான்சில் அந்தச் சிறுவர்களை வளர்த்த பெண், அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்து, உறவினர்களிடம் ஒப்படைக்க மறுத்தார். பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் சேர்ந்து ஒளித்துவைத்தார்கள். 1953இல்தான் அத்தையிடம் வந்து சேர்ந்தார்கள். இதைக் கடந்து வந்த ஒரு சமூகம், மதம் மாற்ற வருகிறவர்களைக் கண்டு அஞ்சாமல் எப்படி இருக்கும்?

கடலோடி:
அந்தக் காயத்தை நான் மறுக்கவில்லை, தங்கையே. ஆனால் சட்டம் எங்கே நிற்கிறது? பணமோ சலுகையோ கொடுத்து மதம் மாற்றுவதைத்தான் இஸ்ரேலின் 1977 சட்டம் குற்றமாக்கியது. வயது வந்தவரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதைக் குற்றமாக்கவில்லை. இஸ்ரேலியக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் அரபு பேசுகிறவர்கள். எபிரேயச் சேனலுக்கு அனுமதி கொடுத்தபோது, அதை யார் பார்ப்பார்கள் என்று மன்றத்துக்குத் தெரியாதா? சேனல் தரப்பும் இதையேதான் கேட்டது.

ஏட்டுச்சுவடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எபிரேயம் பேசும் கிறிஸ்தவர்களும் அங்கே உண்டு. முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள், பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களின் பிள்ளைகள் என்று பலர். எபிரேயத்திலேயே திருப்பலி நடக்கிறது. எனவே விண்ணப்பத்தில் எழுதியது முழுப் பொய் இல்லை. அந்த வீடியோதான் அதைப் பொய்யாக்கிவிட்டது.

கடலோடி:
சரி, தலைவரின் பேச்சு தவறு. அதற்கு அபராதம் போட்டிருக்கலாம், விண்ணப்பத்தைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். டேஸ்டார் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சேனல் அங்கே பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் ஓடியிருக்கிறது. அப்படியானால் எபிரேயத்தில் பேசியதுதான் உறுத்தியதா? ஏட்டுச்சுவடி சொன்ன அந்தப் பிள்ளைகளுக்கும், இயேசுவை நம்பும் மெசியானிய யூதர்களுக்கும் தங்கள் மொழியில் ஒரு சேனல் கூடாதா?

மருதநிலா:
அவர்களுக்கு வேண்டும், அண்ணா. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களே ஒரு சேனல் கேட்டு விண்ணப்பித்தால் நானும் ஆதரிப்பேன். ஆனால் சிம்ப்சன் அந்த வீடியோவில் அவர்களுக்காக வந்ததாகச் சொல்லவில்லையே. மற்றவர்களின் வீட்டுக்குள் போக வழி கிடைத்ததாகத்தான் மகிழ்ந்தார்.