மூணு தொடக்கப் பள்ளிய ஒண்ணாக்கலாமா? யோசனை சொல்லுங்க

கேள்வி: எங்களுக்கு சிவகங்கை மாவட்டத்துல ஒரு கிராமம். ஒன்றியத் தொடக்கப் பள்ளில மொத்தமே 11 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். பக்கத்து ஊர்கள்ல ஒண்ணுல 14, இன்னொண்ணுல 38, அங்கயும் ரெவ்வெண்டு டீச்சர்தான். மூணையும் அந்த 38 பேர் பள்ளில சேத்துடலாமானு மேலாண்மைக் குழுல பேச்சு ஓடுது, நானும் குழுல இருக்கேன். என் பொண்ணு மூணாவது, அவ வகுப்புல அவ ஒருத்திதான், சேந்து படிக்கவும் விளையாடவும் ஆளில்ல. அதப் பாத்தா சேத்துடலாம்னுதான் தோணுது, ஆனா அந்தப் பள்ளி 2 கி.மீ., கண்மாய்க் கரை மேல போய் லாரி ஓடுற ரோட்டத் தாண்டணும்.

பதில் 1: தலைமை ஆசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவன்மா நான். ரெண்டு டீச்சர்ல ஒருத்தர் பயிற்சி, மீட்டிங்னு போயிட்டா மிச்சம் ஒருத்தர் அஞ்சு வகுப்பையும் பாக்கணும், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா கணக்கப் பாருங்க, சேத்தா 63 பிள்ளை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 வரைக்கும் ரெண்டு டீச்சர், 61லருந்து 90 வரைக்கும் மூணு. இப்ப மூணு பள்ளிக்கும் சேத்து ஆறு டீச்சர் இருக்காங்க, அது மூணாயிடும். வகுப்புக்கு ஒரு டீச்சர் கிடைப்பாங்கனு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

பதில் 2: அக்கா, எங்க பக்கம் சேத்தாங்க. மொத ரெண்டு மாசம் ஆட்டோ வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. ஐப்பசி மழைல பெரிய பிள்ளைங்க எப்படியோ போச்சுங்க, ஒண்ணாவது ரெண்டாவதுதான் வீட்லயே உக்காந்துருச்சுங்க. காலைச் சாப்பாடு வேற இருக்குல்ல, காலைல சீக்கிரமே போனாத்தான் உப்புமா. ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் 1 கி.மீ.க்குள்ள பள்ளி இருக்கணும்னுதான் விதியே, அத எழுதிக் குடுங்க.

பதில் 3: ஒண்ணு ரெண்டு மூணு ஊர்லயே இருக்கட்டும், நாலு அஞ்ச மட்டும் அங்க அனுப்பலாமே? ஒரே பயம், உங்க பள்ளில அஞ்சாறு பிள்ளைதான் மிஞ்சும், அடுத்த வருசம் அதையும் மூடுறது ஈஸியாயிடும். அதனால மூட மாட்டோம்னு தீர்மானத்துலயே எழுத வைங்க.

கேட்டவர்: எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குக் காலைல பொண்ணோட அந்த வழில நடந்து பாத்தேன், 40 நிமிசம் ஆச்சு, ரோட்டுகிட்ட போனதும் என் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா. மூணாவது வரைக்கும் ஊர்லதான்னு கூட்டத்துல சொல்லப் போறேன், நாலாவதுலருந்து அனுப்பணும்னா வண்டிய எழுத்துல குடுத்தாத்தான் கையெழுத்து. 63 கணக்கையும் சொல்றேன் சார், அது இங்க யாருக்குமே தெரியல.